வீரராகவன் வீட்டு பீக் ஹவர்

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி ஐந்து நிமிடம். அண்ணனூர் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் வருமாறு: சுழலாத மின்விசிறிக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில், வீட்டுக்காரர் வீரராகவன். சோபாவின் ஜன்னலோர முனையில், காற்று வரும் என்ற நம்பிக்கையில், மாப்பிள்ளை தினேஷ். அவனுக்குப் பக்கத்தில், பேப்பரை மடித்து விசிறிக்கொண்டு, மகள் பவித்ரா. சமையலறை வாசற்படியில், அவரைக்காய்க்கு நார் உரித்தபடி, வீரராகவனின் மனைவி கண்ணம்மா. கதவோரம் முக்காலியில் வயர்மேன் கஜபதி. டி.வி. இருந்த இடத்தில் சுவரோரமாக, இடுப்புயரத்துக்கு நின்ற பேட்டரியையும் ஓர் ஆளாகச் சேர்த்தால் மொத்தம் ஆறு பேர். டி.வி. கட்டிலுக்கு அடியில் இருந்தது.

"அப்பா, ஃபேனைப் போடுங்கப்பா. வேர்த்து ஊத்துது."

"பீக் ஹவர்மா."

"வேர்வைக்கு பீக் ஹவர் கிடையாதேப்பா."

"காலையில யார் மூணு சுடிதாருக்கு இஸ்திரி போட்டது? பேட்டரியில இருந்ததெல்லாம் அதுல போச்சு. இனி ராத்திரி பத்து மணிக்குத்தான் சார்ஜ்."

மெயின் லைனில் கரண்ட் இருந்தது. ஆனால் மாலை ஆறு முதல் பத்து வரை மெயின் லைனில் எதையும் போடுவது வீரராகவனின் சட்டப்படி குற்றம். காலை ஆறு முதல் பத்து வரைக்கும் அதே சட்டம்தான்.

சட்டம் அவருக்குப் புதிதல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பத்தோரு வருடம் பீக் ஹவர் ரிஜிஸ்டர் எழுதியவர் அவர். கரண்ட் ரேட் ஏறும் ஆறு மணி வந்தால் மணியை அடிப்பார். கம்ப்ரஸர் நிற்கும், ஃபர்னஸ் நிற்கும், முதலாளி அறை ஏ.சி.கூட நிற்கும். இரவு பத்து முதல் விடியற்காலை ஐந்து வரை எல்லாம் ஓடும். ரேட் குறைவு. ஓய்வு பெற்ற அன்று முதலாளி அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, "நீங்க மிச்சம் பண்ணின காசுல ஒரு ஷெட்டே கட்டியிருக்கேன் வீரராகவன்" என்றார். அதற்குப் பிறகு நாலு மாதம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பொங்கலுக்கு மறுநாள் பேட்டரி வந்தது.

பேட்டரி தினேஷுடையது. வேலப்பன்சாவடியில் அவன் இருக்கும் ஃபிளாட்டில் அசோசியேஷன் அனுமதி தராததால் மாமனார் வீட்டில் இறக்கி வைத்தான். இரவில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, பீக் ஹவரில் அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கலாம் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் வீரராகவன் அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்றை வாங்கிவந்து கோடு போட ஆரம்பித்திருந்தார்.

இப்போது முதல் பில் வந்திருந்தது. பேட்டரி வருவதற்கு முன் ஆயிரத்து இருநூற்று நாற்பது. பேட்டரி வந்த பிறகு ஆயிரத்து அறுநூற்றுப் பத்து.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் தினேஷ். "எங்க அசோசியேஷன்ல இப்ப ஓ.கே. சொல்லிட்டாங்க. இங்க பில் குறையலைன்னா நான் அங்கயே..."

"அடுத்த பில்லைப் பாருங்க மாப்பிள்ளை. இதைவிட ஒரு ரூபா கூட வந்தாலும் எடுத்துட்டுப் போங்க. ஒரு பக்கம் நானே பிடிச்சு வாசல் வரைக்கும் தூக்கி விடறேன்."

சொல்லிவிட்டு பேட்டரியின் தலையில் கை வைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு, குறித்த நேரத்துக்கு அவரைத் தேடும் ஒரே ஜீவன் அதுதான்.

கஜபதி தொண்டையைச் செருமினான். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகள் அவன் தாத்தா நெல் போட்ட நிலத்தில்தான் நிற்கின்றன. இப்போது அதே வீடுகளுக்கு அவன் வயர் இழுக்கிறான்.

"அண்ணாத்தே, நான் ஒண்ணு சொல்லட்டா? இந்த ஊட்டு லைனுல..."

"நீ வயரைப் பாரு கஜபதி. ரேட்டை நான் பார்த்துக்கறேன். முப்பத்தோரு வருஷம்."

"இல்ல அண்ணாத்தே, அது கம்பெனி..."

"கஜபதி, டீ ஆறுது. உள்ள வா," என்றாள் கண்ணம்மா.

உள்ளே போனவன் பத்து நிமிடம் கழித்து வாய் நிறைய வடையோடு வந்தான். அதற்குப் பிறகு ரேட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"எதுக்கும் நெட்ல ஒருதடவை பார்த்துடலாம் மாமா," என்று தினேஷ் போனை எடுத்தான். வைஃபை பெட்டி ஆறு மணிக்கே அணைந்திருந்தது. சிக்னலுக்காக ஜன்னல் கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டினான். நீட்டிய கையில் கண்ணம்மா வடைத் தட்டை வைத்தாள்.

"சூடா சாப்பிடுங்க மாப்பிள்ளை. போன் எங்கயும் போயிடாது."

மறுநாள் தினேஷ் செய்தி அனுப்பினான்: பார்த்துட்டேன் மாமா, ஆறு டு பத்து பீக் ஹவர்னு தெளிவா போட்டிருக்கு. தலைப்பை மட்டும் படித்ததாக அவன் அதில் எழுதவில்லை.

அன்றே வீரராகவன் புதிய அட்டவணை போட்டார்.

"கிரைண்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின், மோட்டார், இஸ்திரிப் பெட்டி. அஞ்சும் இனி விடியக்காலம் அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிடணும்," என்றார். "என் அனுமதி இல்லாம யாரும் சுவிட்ச்ல கை வைக்கக் கூடாது."

வீட்டில் இருந்த யாரும் என்பது கண்ணம்மா ஒருத்திதான்.

"சரிங்க," என்றாள் அவள். "எனக்கும் இந்த நேரக் கணக்கெல்லாம் மண்டையில ஏறாது. கிரைண்டரை நீங்களே போட்டாதான் சரியா இருக்கும்."

"நானே போட்டுடறேன்."

"துணி மெஷினு?"

"அதுவும்தான்."

"தொவைச்சதை உடனே காயப்போடலைன்னா நாத்தமடிக்கும்."

"போடறேன்."

"சட்னிக்குத் தேங்கா அரைக்கணுமே. அது கைப்பக்குவம்."

"எத்தனை தேங்கா, எத்தனை மிளகா, எவ்வளவு உப்புன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. கம்ப்ரஸரையே ஓட்டினவன்."

கண்ணம்மா அவரைக்காய்க் கூடையை இறக்கிவைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து வீரராகவன் மூன்றரைக்கு எழுந்தார். ஊறவைத்திருந்த அரிசியையும் உளுந்தையும் களைந்து கிரைண்டரில் போட்டார். துணியை மெஷினில் போட்டார். மோட்டாரைப் போட்டார். அண்ணனூர் ரயில் ஷெட்டிலிருந்து முதல் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்போது மொட்டை மாடியில் கடைசிப் புடவையை உதறிக்கொண்டிருப்பார். நாலே முக்காலுக்கு இஸ்திரி. ஐந்துக்கு எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு, மீட்டர் பெட்டியில் டார்ச் அடித்து, எண்ணைக் குறித்துக்கொள்வார். கண்ணம்மா ஆறரைக்கு எழுந்து, "ஏங்க, ஒரு குரல் குடுத்திருக்கலாமே" என்பாள்.

"எதுக்கு? நேரத்துல கோட்டை விடுவே."

"அது சரிதான்," என்று ஒத்துக்கொள்வாள்.

முதல் சிக்கல் தண்ணீரில் வந்தது. மாவு பதமாவதும் மாடித் தொட்டி நிரம்புவதும் ஒரே நேரத்தில் வந்தன. அவர் மாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொட்டி நிரம்பி, மாடி வழியே, பக்கத்து வீட்டு அப்துல் ரசாக்கின் ஸ்கூட்டர் மேல் கொட்டியது.

"சார், ஒரு நாள்னா பரவால்ல," என்றார் ரசாக். "நாலு நாளா சீட்டு ஈரம். ஆபீஸ்ல எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க."

அன்று முதல் நாலு இருபதுக்கு ரசாக்கின் ஸ்கூட்டரைத் துடைப்பதும் அட்டவணையில் சேர்ந்தது.

இரண்டாவது சிக்கல் மாவில். முன்பெல்லாம் சாயங்காலம் அரைத்தால் காலையில் பதமாகப் புளித்திருக்கும். இப்போது நாலு மணிக்கு அரைத்தது ஏப்ரல் வெயிலில் பதினொரு மணிக்கே பாத்திர மூடியைத் தூக்கிக்கொண்டு மேடையெல்லாம் வழிந்தது.

"ஃபிரிட்ஜ்ல வெச்சிடு," என்றார் வீரராகவன்.

"நீங்கதான் பீக் ஹவர்ல ஃபிரிட்ஜையும் அணைச்சிடறீங்களே."

அணைத்த ஃபிரிட்ஜுக்குள் மாவு பொங்கி, முட்டைத் தட்டு, கொத்தமல்லி, தயிர்க் கிண்ணம் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியது. அதைக் கழுவுவது யார் என்ற கேள்வி எழவில்லை. அணைத்தவர் அவர்.

ஃபிரிட்ஜை பேட்டரியில் மாட்டினார். ராத்திரி எட்டு மணிக்கே பேட்டரி தீர்ந்தது. மதியம் இரண்டு முதல் நாலு வரை இன்னொரு தடவை சார்ஜ் ஏற்றினார். பேட்டரி சூடானது. அதற்கு எதிரே ஒரு டேபிள் ஃபேனை வைத்தார். அந்த வீட்டில் பீக் ஹவரில் விசிறிக் காற்று வாங்கிய ஒரே ஆள் பேட்டரிதான். வீரராகவன் பனியனைப் பிழிந்து போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஓரத்தில் கொஞ்சம் காற்று கசியும்.

"அண்ணாத்தே, ரொப்பறதுக்கு பத்து யூனிட்டு போச்சுன்னா, திரும்பி வர்றது எட்டரதான்," என்றான் ஒரு நாள் ஃபியூஸ் போட வந்த கஜபதி. "நடுவுல சூடாவே போய்டும். நீ ரெண்டு தபா வேற ரொப்பறே."

"அந்த நஷ்டம் எனக்குத் தெரியும். ராத்திரி ரேட்ல அது அடிபட்டுப் போயிடும்."

கஜபதி சமையலறைப் பக்கம் பார்த்தான். பிறகு ஃபியூஸைப் பார்த்தான்.

"இன்னாவோ போ அண்ணாத்தே. நல்லா எளச்சிட்டே."

வீரராகவனுக்குச் சந்தேகம் தன் மேல் வரவில்லை, கணக்கு மேல் வந்தது. தன் நோட்டை மார்ச்சில் வந்த பில்லோடு ஒப்பிட்டார். ராத்திரி யூனிட்டையும் பகல் யூனிட்டையும் அதில் ஒரே குவியலாகப் போட்டிருந்தார்கள். பிரஸ் ஷாப்பில் இப்படி வந்தால் அவர் அன்றைக்கே கடிதம் எழுதுவார். எழுதினார். கடித எண் ஒன்று.

"நேர்லயே போய்க் குடுத்துட்டு வரேன்," என்று சட்டையை மாட்டினார்.

"இந்த வெயில்ல எதுக்குங்க?" என்றாள் கண்ணம்மா. "கஜபதி தினம் அந்த ஆபீஸ் வாசல்ல நிக்கறவன். அவன்கிட்ட குடுங்க."

கஜபதி வாங்கிக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்து வந்தான்.

"குடுத்துட்டியா?"

"வெச்சிட்டேன் அண்ணாத்தே."

"என்ன சொன்னாங்க?"

"இன்னா சொல்வாங்க. பத்ரமா கீது."

பதினைந்து நாளுக்கு ஒன்றாக, கடித எண் இரண்டும் மூன்றும் நாலும் அப்படியே போயின. பதில் வரவில்லை. அலுவலகம் என்றால் அப்படித்தான் என்று வீரராகவன் அறிந்திருந்தார். முப்பத்தோரு வருடத்தில் அவரே எத்தனையோ கடிதங்களுக்குப் பதில் போடாமல் வைத்திருந்தவர்.

மே மாதம் கடைசி ஞாயிறு. பில் வந்திருந்தது. இரண்டாயிரத்து முந்நூற்று எழுபது.

தினேஷ் ஒரு குட்டியானை சரக்கு வண்டியைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். ஹாலில் எல்லோரும் மார்ச்சில் உட்கார்ந்த அதே இடத்தில் இருந்தார்கள், வீரராகவனைத் தவிர. அவர் நாற்காலியில் உட்காரவில்லை. பேட்டரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"மாமா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு," என்றான் தினேஷ்.

"சொன்னா சொன்னதுதான் மாப்பிள்ளை."

டேபிள் ஃபேனை அணைத்தார். பேட்டரிக்கு மேல் இருந்த நோட்டை எடுத்து, அன்றைய தேதிக்குக் கீழே அடிக்கோடு போட்டு மூடினார். குனிந்து ஒரு பக்கத்தைப் பிடித்தார். கஜபதி மறுபக்கம் பிடிக்க வந்தான்.

"அப்பா, கழுத்தெலும்பு தெரியுதுப்பா," என்றாள் பவித்ரா. "போகட்டும் விடுங்க. இனிமே நிம்மதியா தூங்குங்க. காலையில அம்மா எழுந்து பழையபடி எல்லாத்தையும் பார்த்துப்பாங்க."

சமையலறை வாசலில் தட்டு விழும் சத்தம் கேட்டது.

கண்ணம்மா எழுந்து நின்றிருந்தாள். மாப்பிள்ளையை எதிர்த்து அவள் பேசி யாரும் பார்த்ததில்லை.

"வண்டியைத் திருப்பி அனுப்புங்க மாப்பிள்ளை."

"அத்தை?"

"அவர் நாலு லெட்டர் போட்டிருக்கார். பதிலே வராம நீங்க பொருளைத் தூக்கிட்டுப் போனா, அவர் கணக்கு தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். முப்பத்தோரு வருஷம் கோடு போட்டு எழுதின மனுஷன். அவருக்கா கணக்குத் தெரியாது?"

வீரராகவன் பேட்டரியை விட்டு நிமிர்ந்தார். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடம். மின்சாரத்தைப் பற்றி இல்லாவிட்டாலும், எதைப் பற்றியாவது அவள் தன் பக்கம் பேசிக் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. கண் கலங்கியது. வேர்வை என்று துடைத்துக்கொண்டார்.

"அம்மா, பில்லைப் பார்த்தியா? டபுளாயிடுச்சு," என்றாள் பவித்ரா.

"அதைத்தான் ஆபீஸ்ல கேட்டிருக்கார்."

"அப்பா பாதியா ஆயிட்டார். நீ மட்டும் எப்படிம்மா இப்படி பளபளன்னு இருக்கே?"

"சாயங்காலம் டி.வி. பாக்கறதில்லையா, கண்ணுக்கு நல்லதுன்னு சொல்றாங்க," என்றாள் கண்ணம்மா.

தினேஷ் மாமனாரைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான். வாசலில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"சரி அத்தை. ஆபீஸ்லேர்ந்து பதில் வர வரைக்கும் இங்கயே இருக்கட்டும். வந்ததும் பார்த்துக்கலாம்."

"வாய்ப்பேச்சா இல்ல," என்றாள் கண்ணம்மா. "எழுத்துல வரணும். இல்லீங்க?"

"ஆமாம். எழுத்துல," என்றார் வீரராகவன். குரல் பழையபடி பிரஸ் ஷாப் குரலாக ஆகியிருந்தது.

வண்டி வாடகையைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மணி ஆறாவதற்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. வீரராகவன் முழு வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, இடது பக்கம் இரண்டு விரற்கடை விட்டு மடித்து, எழுதத் தொடங்கினார்.

"ஐயா, பொருள்: இரவு நேரக் குறைந்த கட்டணம் எனது பட்டியலில் சேர்க்கப்படாமை குறித்து. பார்வை: எனது கடித எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மேற்படி கடிதங்கள் தங்கள் பார்வைக்கு வந்திருக்கும் என நம்புகிறேன். மாவு அரைத்தல் உட்பட இவ்வீட்டின் மின் வேலைகள் அனைத்தும் விடியற்காலை ஐந்து மணிக்குள் என்னால் முடிக்கப்படுகின்றன என்பதற்குப் பதிவேடு உள்ளது. தாங்கள் எந்த நாளும் மூன்றரை மணி முதல் நேரில் வந்து பார்வையிடலாம்."

கையெழுத்துப் போட்டு, கீழே தேதி போட்டு, ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டினார். தாளை மூன்றாக மடித்து உறையில் இட்டார்.

"இந்தத் தடவை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிடறேன். கையெழுத்து வாங்கின அட்டை திரும்பி வரும்."

கண்ணம்மா கோந்துப் புட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்க. நாளைக்குப் போய் நின்னா, நீங்க மதியம் சார்ஜ் போடற நேரம் தவறிப் போயிடும். கஜபதி காலையில முதல் ஆளா கொண்டு போயிடுவான். என்ன கஜபதி?"

"நான் இன்னாக்கா சொல்றது," என்றான் கஜபதி.

வீரராகவன் யோசித்தார். மதியச் சார்ஜ் தவறக் கூடாது. உறையின் மடிப்பில் கோந்து தடவி, உள்ளங்கையால் அழுத்தி, உலர்வதற்காக பேட்டரியின் மேல் ஐந்து நிமிடம் வைத்தார். பிறகு இரண்டு கைகளாலும் எடுத்துக் கஜபதியிடம் கொடுத்தார். கஜபதி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினான். சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது. பின்னால் ஒவ்வொரு சுவிட்சாக அணையும் சத்தம் வந்தது.

கண்ணம்மா ஒரு தூக்கில் இட்லி மாவு எடுத்துக்கொண்டு கேட் வரை அவன் கூடவே போனாள். விடியற்காலையில் அவர் அரைத்து ஃபிரிட்ஜில் வைத்த மாவு, நல்ல பதம். தூக்கைக் கையில் வாங்கிய கஜபதி, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இத்தோட அஞ்சு லெட்டரு என் பீரோல கீதுக்கா. ஊட்டு கரண்டுக்கு ராவுக்கு ஒரு ரேட்டு, பகலுக்கு ஒரு ரேட்டு அப்டின்னு ஒண்ணுமே கெடையாது, அதெல்லாம் கம்பெனிக்குத்தான்னு அன்னிக்கு டீ குட்ச்சப்பவே உன்கிட்ட சொன்னேன், அண்ணாத்தேகிட்ட எப்பதான் சொல்லப் போறே?"